மூன்றாவது சத்தம்

இருட்டில் யாராவது "யாரது?" என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்லிவிடுவேன். பெயர், வேலை, எங்கே போய்விட்டு வருகிறேன் என்பது வரைக்கும் ஒப்பித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் இதை வைத்து என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. கரண்ட் போன நேரத்தில் அடுப்படியில் ஏதாவது உருண்டு, அவர் சும்மா "யாரு?" என்றால்கூட, "நான்தான், நான்தான், தண்ணி எடுக்க வந்தேன்" என்பேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இருந்தாலும் சொல்வேன்.

என்னை வளர்த்த விதம் இதற்கு நேர்மாறு. நான் காரியாபட்டிப் பக்கத்துக்காரி. இருட்டில் யாராவது கூப்பிட்டால் முதல் சத்தத்துக்கு 'ஏன்' என்று கேட்கக்கூடாது, இரண்டாவது சத்தத்துக்கும் கேட்கக்கூடாது என்று எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்ததுமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். முனியோ காத்துக் கருப்போ என்றால் இரண்டு சத்தத்தோடு நிறுத்திக்கொள்ளும். மூன்றாவது சத்தமும் வந்தால் கூப்பிடுவது மனுசன். அப்போது வாயைத் திறக்கலாம். நர்சு படிப்புப் படிக்கும்போது இதையெல்லாம் நான் நம்பவில்லை. இருட்டில் தனியாக நடக்கும்போது நம்பினேன். அந்தப் பழக்கத்தை என்னிடமிருந்து பிடுங்கிப் போட்டவர் ஒருவர் உண்டு.

எண்பதுகளின் கடைசியில் எனக்குக் கிராம சுகாதார செவிலியர் வேலை கிடைத்தது. பந்தல்குடிக்கும் திருச்சுழிக்கும் நடுவே ஒரு கரிசல்காட்டு ஊரில் போட்டார்கள். துணை சுகாதார நிலையத்தை அரசாங்கம் ஊருக்கு நடுவில் கட்டிவிடுமா என்ன? ஊரில் யாருக்கும் வேண்டாத புறம்போக்கைத் தேடிப் பிடித்துத்தான் கட்டும். ஒரு அறையில் மருந்தும் ஊசியும் பிள்ளைகளை எடை பார்க்கிற தராசும். மறு அறையில் நான். ஊரின் கடைசித் தெருவிளக்கு முடிந்து, கம்மாய்க்கரை தாண்டி, சீமைக்கருவேல் காடு தொடங்குகிற இடம் அது. அங்கே என் கட்டடத்தை விட்டால் இன்னும் ஒரே ஒரு வீடு இருந்தது. அதில் ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர் தனியாகக் குடியிருந்தார். மானாவாரியில் மிளகாயும் மல்லியும் போடுகிற சம்சாரி. மனைவியும் மகனும் திருப்பூரில் இருக்கிறார்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

வேலையில் சேர்ந்த அந்த வாரமே ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். பொழுது அடைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஆனால் அமாவாசையை ஒட்டிய நாள், கரண்டும் இல்லை. அவர் வீட்டைத் தாண்டும்போது காலுக்கடியில் என்னவோ படபடவென்று ஒடிந்தது. வீட்டைச் சுற்றிலும் ஆள் மிதித்தால் சத்தம் கேட்கட்டும் என்று காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைப் பரப்பி வைத்திருந்தார் என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது.

"யாரது?"

நான் அப்படியே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

"யாரது அங்க? சத்தங் குடுங்க."

இரண்டாவது சத்தம். அதற்கும் நான் பேசவில்லை. இருட்டுக்குள் அந்த ஆள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. ஓடி வந்தவரின் மூச்சு மாதிரி இருந்தது. பிறகு, கெஞ்சுகிற குரலில், "யாரா இருந்தாலும் பேசிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். யாரது?" என்றார்.

"நான்தாங்க. புதுசா வந்திருக்க நர்சு."

தொப்பென்று உட்காருகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் டார்ச்சு எரிந்தது. என் முகத்தில் அடிக்கவில்லை. என் காலுக்கு முன்னால் தரையில் அடித்தார். முகம் தெரியாத அந்த மனிதர், "ரெண்டு சத்தத்துக்கும் ஏன் நர்சம்மா பேசல?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ல மூணாவது சத்தத்துக்குத்தான் பேசுவோம்."

"இங்கயும் அப்பிடித்தான்" என்றார். "அதான் மூணு சத்தங் குடுக்கேன். ஆனா நீங்க இனிமே மொதச் சத்தத்துக்கே பேசிருங்க. முனி புடிச்சாலும் பரவாயில்ல."

எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. பிரசவம் பார்த்த அலுப்பு, இடுப்பு விட்டுப்போகிற வலி. இதில் வழி மறித்து ஒரு ஆள் எனக்குப் பாடம் நடத்துகிறார். கதவைத் திறந்து உள்ளே போய்ப் படாரென்று சாத்திக்கொண்டேன். வெளியிலிருந்து மறுபடியும் அதே குரல் வந்தது.

"நர்சம்மா, தாப்பாப் போட்டாச்சா?"

அன்றிலிருந்து தினமும் இந்தக் கேள்வி வரும். பொழுது இருட்டியதும் அவர் வீட்டு வாசலில் நின்று கேட்பார். நான் "போட்டாச்சு" என்று சொல்கிற வரைக்கும் விடமாட்டார். நான் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்த நாட்களில், மூன்று தரமும் கேட்டுவிட்டு, பருத்திமார் நொறுங்க நடந்து வந்து என் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். முதலில் எனக்கு அது தொந்தரவாக இருந்தது. பிறகு, அந்தக் கேள்வி வந்தால்தான் அன்றைய பொழுது முடிந்த மாதிரி ஆகிவிட்டது. வேறு யாரும் என்னை ஒன்றும் கேட்காத ஊர் அது. தடுப்பூசிக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பெண்களிடம் நான் எவ்வளவு நேரம்தான் பேச முடியும்?

ஆள் நெட்டை. நடக்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, காது கொடுத்துக்கொண்டே நடப்பார். பகலில் பார்த்தால் இவரா இருட்டில் அப்படி நடுங்கினார் என்று இருக்கும். மூடை தூக்குவார், கிணறு இறங்குவார், சண்டைக்கார மாட்டை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்துவார். வீட்டில் இரண்டே அறைகள். ஒன்று முழுக்க மிளகாய் வத்தல் மூடை. விலை ஏறட்டும் என்று போட்டு வைத்திருப்பார். அந்தப் பக்கம் எல்லாச் சம்சாரிகளும் செய்வதுதான். திருடர்களுக்கும் அது தெரியும். நெடி தாங்காமல் நான் வாசலிலேயே நின்று தும்முவேன்.

"அந்த மூடைதான் எனக்குக் காவல்" என்பார். "உள்ள வந்த பய தும்மாம இருக்க மாட்டான்ல?"

பொழுது அடைந்தால் வீட்டில் விளக்கு எரியாது. "வெளக்கு எரிஞ்சா வெளிய நிக்கிறவனுக்கு நம்மளத் தெரியும், நமக்கு அவனத் தெரியாது" என்பார். இருட்டில் எதையும் உற்றுப் பார்க்கக் கூடாது, அதற்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும், அப்போதுதான் அது தெரியும் என்பார். செய்து பார்த்தேன். உண்மைதான். ஆனால் தெரிந்தது எல்லாம் கருவேலங்கட்டை. கட்டைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் அவருக்குமே பல நாள் தெரிந்ததில்லை. ஒருநாள் சாயங்காலம் மழை மூட்டத்தில் ஒரு கழுதையைப் பார்த்து முறையாக மூன்று சத்தம் கொடுத்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்துச் சிரித்துவிட்டேன்.

"கழுதைக்குமா ஐயா மூணு சத்தம்?"

"அது கழுதைன்னு எப்பத் தெரிஞ்சது? கேட்ட பெறகுதான?" என்று கோபித்துக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு அவர் மேல் ஒரு அக்கறை வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இவ்வளவு பயப்படுகிற மனிதர் ஒரு நாய் வளர்க்கலாமே என்று தோன்றி, பந்தல்குடியில் ஒரு லாரி ஷெட்டிலிருந்து நல்ல கறுப்புக் குட்டியாகப் பார்த்து வாங்கி வந்து கொடுத்தேன். குட்டியைக் கையில் வாங்கித் தடவினார். பால் ஊற்றினார். அடுத்த நாள் காலையில் என் வாசலில் கட்டிப் போட்டிருந்தார்.

"என்னங்கய்யா, புடிக்கலையா?"

"நாயின்னா கடிக்கும்ல நர்சம்மா."

"கடிக்கத்தான நாய் வளக்குறது?"

"எல்லாத்தையும் கடிக்கும்ல" என்றார். "வீட்ட விட்டு அவன் போனப்ப இந்தக் குட்டி பெறக்கல. அவன இதுக்குத் தெரியாது. வந்தா கடிச்சு வச்சிரும்."

எவனை என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு உதவியாக இருந்த பால்வாடி ஆயாவிடம் கேட்டேன். அந்த அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"அது ஒண்ணுமில்ல நர்சம்மா, அவுக மகன்தான். லாரியில கிளீனரா இருந்தான். லைசென்ஸ் எடுத்துட்டேன், இனிமே ட்ரைவருன்னு அப்பங்கிட்டச் சொல்ல வந்திருக்கான். லாரிக்காரன் பந்தல்குடி ரோட்ல எறக்கி விட, இருட்டுல நடந்து வந்து, கொல்லைப் பக்கமா ஏறியிருக்கான். அந்த வருசம் வத்தல் திருடங்க நடமாட்டம். இவுக கொல்லையில மம்பட்டிக் கணைக் கம்போட உக்காந்திருக்காக. யாரதுன்னுருக்காக. பேசல. இன்னொருக்க யாரதுன்னுருக்காக. பேசல. ஒரே அடி."

"மகன் ஏன் பேசல?"

"என்ன நர்சம்மா கேக்கீக, நீங்க பேசுவீகளா? மூணாவது சத்தத்துக்குத்தான பேசணும்? அதச் சொல்லிக் குடுத்ததே அப்பன்தான். அவரு ரெண்டோட நிறுத்திட்டாரு."

அரிக்கேன் லைட்டோடு மனைவி ஓடி வந்து பார்த்தபோது மகன் கீழே கிடந்திருக்கிறான். வலது முழங்கை நொறுங்கிப் போயிருந்தது. அந்த நேரத்திலும் இவர், 'சத்தங் குடுத்தா என்னடா, மடப்பயலே' என்றுதான் கத்தினாராம். அதற்கு மகன், 'நீதான சொல்லிக் குடுத்த' என்றானாம். கட்டுப் போட்ட இடத்தில் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. கை நீட்டினபடியே நின்றுபோனது, மடங்காது. கை மடங்காதவனுக்கு எந்த முதலாளி லாரியைக் கொடுப்பான்? திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். சோறாக்கிப் போடுகிறேன் என்று அம்மாவும் பின்னாலேயே போய்விட்டார்.

கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அன்று சாயங்காலம் அவர் "தாப்பாப் போட்டாச்சா?" என்று கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. மூன்று தரம் கேட்டார். நடந்து வந்து கதவைத் தொட்டார். உள்ளே நான் அழுதுகொண்டிருந்தேன். யாருக்காக என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு ஒருநாள் அவரே பேசினார். மருந்து கேட்டு வந்திருந்தார். மாத்திரையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "திருப்பூருக்குப் போனேன் நர்சம்மா" என்றார். "கம்பெனி கேட்ல நின்னேன். வெளிய வந்து பாத்தான். ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு பேருக்கும் சோறு வாங்குனான். எதுக்க உக்காந்து எடது கையால சாப்புட்டான். ஒரு பேச்சுப் பேசல. பஸ்ஸு ஏத்தி விட்டுட்டுப் போயிட்டான்."

"மறுபடி போக வேண்டியதுதான?"

"எந்த மொகத்தோட போக? அந்தக் கையப் பாத்துக்கிட்டு என்னால சோறு திங்க முடியாது." மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு சொன்னார்: "வருவான். பகல்ல வர மாட்டான், ஊரு பாக்கும்ல. வந்தா இருட்டுனதுக்கு அப்பறம்தான் வருவான்."

எனக்கு அப்போதுதான் அவருடைய ராத்திரிகள் புரிந்தன. கருவேலங்காட்டிலிருந்து ஒரு ஆள் நடந்து வந்தால் அது திருடனாக இருக்கலாம், மகனாகவும் இருக்கலாம். மூடைகளுக்கு ஒரு காவல் வேண்டும். அந்தக் காவல் மகனை மறுபடி அடித்துவிடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் மூன்று சத்தங்களை வைத்துக்கொண்டு அந்த மனிதர் பொழுது விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். கூட உட்கார ஒரு நாய்கூட இல்லை.

ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கை. அவருக்கு 'மூணு சத்தம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இளவட்டங்கள் டீக்கடையில் அவர் காதுபட, "ஏலே, யாரது, யாரது, யாரது" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு டீயைக் குடிப்பார். மழை பொய்த்து வத்தல் விலை எகிறிய ஒரு வருடம் திருட்டு மறுபடி தலை தூக்கியது. வீட்டுக்கு ஒரு ஆள் என்று ஊர்க்காவல் போட்டார்கள். இவர் முறை வந்த அன்று, ஒரு ஆட்டுக் கொட்டத்துக்குள் ஆள் நுழைந்ததை இவர்தான் முதலில் பார்த்தார். பார்த்தவர் 'திருடன்' என்று கத்த வேண்டாமா? நின்ற இடத்திலேயே நின்று சத்தம் கொடுத்திருக்கிறார். இரண்டாவது சத்தத்துக்குள் அவன் கிடாயைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர் ஏறிக் குதித்துவிட்டான்.

காலையில் ஆட்டுக்காரர் தெருவில் நின்று, "திருடன் வந்தா அவனுக்கு மூணு தடவ சத்தங் குடுத்து, காப்பித் தண்ணியுங் குடுத்து அனுப்புவீகளோ?" என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காவலிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். "நீங்க போயி உங்க வீட்டப் பாருங்க" என்றார்கள். அதற்கப்புறம் டீக்கடைக்கும் போவதை நிறுத்திவிட்டார். கம்மாய்க்கரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர்தான். அதுவும் ஒரு கேள்வி, ஒரு பதில் என்கிற அளவுக்குத்தான் பேச்சு.

மாசி மாதம் என்று நினைக்கிறேன். ராத்திரி முழுக்க ஊருக்குள் ஒரு பிரசவத்தில் இருந்துவிட்டு விடிகிற நேரத்தில் திரும்பி வந்தேன். அவர் வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. வாசலில் வத்தல் சிந்திக் கிடந்தது. உள்ளே போனால், தலையில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துண்டு முழுக்க ரத்தம். மூடைகள் இருந்த அறை காலியாக இருந்தது.

சுத்தம் செய்து கட்டுப் போட்டேன். காயம் ஆழம், தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டிக்கு ஆள் அனுப்பிவிட்டு, "கதவ ஒடச்சா வந்தாங்க?" என்று கேட்டேன்.

"நான்தான் தெறந்தேன்."

"என்னது?"

"மூணு சத்தமுங் குடுத்தேன் நர்சம்மா. மொறையாத்தான் குடுத்தேன். மூணாவது சத்தத்துக்கு, 'நான்தாம்ப்பா'ன்னான்."

இவர் கதையைத் தெரிந்தவன் எவனோ செய்த வேலை. ஊருக்கே தெரிந்த கதைதானே. டீக்கடைச் சிரிப்பு எங்கெங்கோ போயிருக்கும்.

"அது உங்க மகன் கொரல் இல்லன்னு தெரியலையா உங்களுக்கு? எந்நேரமும் காது குடுத்துக்கிட்டே இருக்க ஆளாச்சே நீங்க."

"தெரிஞ்சது."

"தெரிஞ்சுமா தெறந்தீக?"

"தொண்ட கட்டியிருக்குமோன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "வருசமாச்சுல்ல, கொரலு மாறியிருக்கும்னு நெனச்சேன்" என்றார். கடைசியில், "அப்பான்னு ஒருத்தன் வாசல்ல நின்னு சொல்லும்போது, போடா நீ இல்லன்னு எப்பிடிம்மா சொல்றது?" என்றார்.

எனக்குத் தாங்க முடியவில்லை. அவர் மேல் வந்ததா, திருடன் மேல் வந்ததா, திருப்பூரில் இருந்த பையன் மேல் வந்ததா என்று தெரியாமல் ஒரு ஆத்திரம். பால்வாடி ஆயாவின் தம்பியும் திருப்பூரில்தான் வேலை பார்த்தான். அவன் மூலம் சொல்லி அனுப்பினேன். அவர் மனைவி மட்டும் வந்தார். கொஞ்ச நாள் இருந்து, கஞ்சி வைத்துக் கொடுத்து, வீட்டை மெழுகிவிட்டுப் போனார். மகன் வரவில்லை. நான் அந்த ஊரில் இருந்த வரைக்கும் வரவில்லை. எனக்கு மாற்றல் வந்து மல்லாங்கிணறு பக்கம் போன பிறகு வந்தானா என்று தெரியாது. வந்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள்.

தையல் பிரித்துச் சில வாரங்கள் இருக்கும். திருட்டுக் கேஸில் ஆட்களைப் பிடித்திருப்பதாகவும், அடையாளம் காட்ட வர வேண்டும் என்றும் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன். பட்டப்பகல், நல்ல வெயில். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் ஐந்தாறு பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

"இருட்டுல மொகம் பாக்கலங்கய்யா" என்றார் இவர்.

இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர். "மொகம் வேண்டாம், குரல் கேட்டீங்கல்ல? ஒவ்வொருத்தனும் அதே வார்த்தையச் சொல்லட்டும். எவன்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

இவர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

முதல் ஆள், "நான்தாம்ப்பா" என்றான். மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது ஆளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏட்டு ஒரு அதட்டல் போட்டார். அவனும் சொன்னான். மூன்றாவது ஆள் கிழவன்; இவரை விட மூத்தவன். அவனும் "நான்தாம்ப்பா" என்றான். நான்காவதாக நின்றவன் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். பெஞ்சைப் பிடித்திருந்த இவருடைய கை இறுகியதை நான் பார்த்தேன். மற்றவர்களும் சொல்லி முடித்தார்கள்.

"எவன்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னொருக்கச் சொல்லச் சொல்லுங்கய்யா."

மறுபடியும் வரிசையாகச் சொன்னார்கள். அந்த மரத்தடியில் ஒருவன் மாற்றி ஒருவன் அவரை அப்பா என்று கூப்பிட்டான். அவர் கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் திறந்தார்.

"இதுல இல்லங்கய்யா" என்றார்.

இன்ஸ்பெக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். இவர் இல்லை, இல்லை என்று தலையாட்டிவிட்டு எழுந்தார். வெளியே வந்து, எதிரே பஸ் நிற்கிற இடத்தில் நின்றோம்.

"நாலாவதா நின்ன பய" என்றார் என்னிடம்.

"இப்பச் சொல்றீக. உள்ள வச்சு எதுக்கு இல்லன்னீக?"

"சொன்னா அடிப்பாகள்ல."

"அடிக்கட்டும்" என்றேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "உங்க மண்டையப் பொளந்தவன்தான? ஒரு வருசப் பாட்ட அள்ளிட்டுப் போனவன்தான? உங்க மகன் மாதிரி பேசி வந்தவன்தான?"

அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றது. நான் ஏறப் போனேன். அவர் அசையவில்லை. பஸ் போய்விட்டது.

"மகன அடிச்ச அன்னைக்கு, லைட்டு வந்த பெறகுதான் அவன்னு தெரிஞ்சதுன்னு ஊருல சொல்லுவாக" என்றார். "நீங்களும் கேட்டிருப்பீக. அப்பிடி இல்ல நர்சம்மா. லைட்டு வாரதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அடி விழுகவும் 'யப்பா'ன்னு கத்துனான். வலியில கத்துனானா, என்னியத்தான் கூப்பிட்டானா, அது தெரியல. அவன் என்னிய அப்பான்னு சொன்னது அதான் கடேசி."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பயல அடிச்சாலும் அப்பிடித்தான் கத்துவான்" என்றார்.

அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டார். நானும் ஏறச் சொல்லவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராக வெளியே விட்டார்கள். அந்தப் பையன் கடைசியில் வந்தான். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு ரோட்டின் அந்தப் பக்கமாக வேகமாக நடந்தான். இவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அவன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் இரண்டு கைகளையும் வீசித்தான் நடந்து போனான்.